தொழிற்சாலை வெளிச்சமும் ஓரியன் நெபுலாவும்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. தை மாதம், அமாவாசையை ஒட்டிய இரவு. மழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே, காலையில் பேர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்தில் முக்காலியை ஊன்றிப் பழைய கெனான் கமராவைப் பூட்டினேன். 50 மில்லிமீற்றர் லென்ஸ். விண்மீன்களைப் பின்தொடரும் கருவி கிடையாது. 5 விநாடி திறந்து வைத்தாலே விண்மீன்கள் கோடாக இழுபட்டன. 3 விநாடியாகக் குறைத்து, ஓரியன் விண்மீன் கூட்டத்தையும் அதிலுள்ள நெபுலா என்ற வாயுமுகிலையும் நோக்கி 300 படங்கள் எடுத்தேன். அவ்வளவு எதற்கென்றால், படங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி ஒரே படமாக்கும்போது, இரைச்சல் எனப்படும் புள்ளிப் புள்ளியான கலங்கல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். 300 படங்கள் சேர்ந்தால் ஏறக்குறைய 17 மடங்கு தெளிவு.

இரவு வேலை நடந்ததால் கீழே தொழிற்சாலையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சம் எவ்வளவு பாடுபடுத்தும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அடுக்குவதற்குச் சிரில் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். முதல் தடவை வேலை முடிந்ததும் திரை முழுக்கக் கறுப்பு. இரண்டு மணி நேரம் வீணாகிவிட்டது என்று மனம் உடைந்துபோனேன். உண்மையில் படம் உள்ளேயே இருந்தது. அடுக்கிய தரவில் மங்கலான ஒளியெல்லாம் அடிமட்டத்தில் ஒட்டிக்கிடக்கும். கீழே காட்சி முறையை 'ஆட்டோஸ்ட்ரெட்ச்' என்று மாற்றினால் கண்ணுக்குத் தெரியும். புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தக் கறுப்பைப் பார்த்துக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

மாற்றிப் பார்த்தபோது நெபுலா இருந்தது. ஆனால் படத்தின் ஒரு பாதியில் செம்மஞ்சள் கறை. பின்னணி அகற்றும் கருவியைத் திறந்து, வெற்று வானத்தின் வெளிச்சத்தை அளக்கும் மாதிரிப் புள்ளிகளைத் தானாகவே இடவிட்டேன். சில புள்ளிகள் நெபுலாவின் விளிம்பிலேயே விழுந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. மென்பொருள் அதையும் தொழிற்சாலை வெளிச்சமாக எண்ணிக் கழித்துவிட்டது. நெபுலாவைச் சுற்றிக் கரிய பள்ளம்! அந்தப் புள்ளிகளை வலது சொடுக்கில் நீக்கியதும் பள்ளம் மறைந்தது, கறை மட்டும் திட்டுத் திட்டாக நின்றது.

அதன் காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று இரவுகள் ஆயின. தொழிற்சாலை நிலத்தோடு நிற்கிறது, விண்மீன்கள் நகர்கின்றன. இருபது நிமிடத்தில் வானம் 5 பாகை திரும்பிவிடும். விண்மீன்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தும்போது, ஒவ்வொரு படத்திலும் ஒரே பக்கமிருந்த கறை வேறு வேறு இடத்துக்கு இழுபட்டுக் கலந்துவிடுகிறது. தனிப்படத்தில் அது ஒரே சரிவாக இருப்பதால் எளிதில் கழிக்கலாம். கலந்தபின் கழிப்பது கடினம். ஆகவே டார்க் (லென்ஸை மூடி எடுக்கும் படம்), பிளாட் (சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படம்) ஆகியவற்றைக் கொண்டு கமராவின் குறைகளைத் திருத்தி முடிந்ததும், பொருத்துவதற்கு முன்பே, படவரிசை முழுவதற்கும் முதற்படி, அதாவது ஒரே நேர்ச்சரிவாகக் கழிக்கும், பின்னணி அகற்றலைச் செய்தேன். கறை போயே போய்விட்டது. முக்காலி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை என்பேன்.

வட்டில் இடமிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். 18 மெகாபிக்சல் படம் ஒன்று நிறம் பிரிந்து 32 பிட்டில் விரிந்தால் 200 மெகாபைட்டைத் தாண்டும். 300 படங்களுக்கு, ஒவ்வொரு கட்டத்திலும், 60 ஜிகாபைட்டுக்கு மேல். என் மடிக்கணினி பாதியில் நின்றுவிட்டது. 16 பிட்டுக்கு மாற்றியதும் பாதி இடம் போதுமானதாயிற்று.

பிளாட் படங்களுக்கு நம் மலையகத்து விடியற்காலைப் பனிமூட்டம் அருமையான வெளிச்சம். லென்ஸின் குவியத்தைத் தொடாமல், லென்ஸைத் துடைக்காமல், வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி எடுத்தேன். டார்க் படங்களை அந்தக் குளிரிலேயே மூடியிட்டு எடுத்துவிடுங்கள். அடுப்படி வெப்பத்தில் எடுத்தால் பொருந்தாது.

கடைசியாக நிறச் சீராக்கம். அதன்பின் ஆசின்ஹெச் என்ற ஒளிவிரிப்பு முறையில் மெல்ல மெல்ல ஒளியைக் கூட்டினேன். முன்பு வெள்ளையாக வெளிறிய விண்மீன்கள் இப்போது நிறத்தோடு நின்றன. அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்து, கூடையை இறக்கியபடியே திரையைப் பார்த்தார்.

"இந்தச் சிவப்பாக இருப்பது எது தம்பி?"

"திருவாதிரை, அம்மா."

மார்கழியில் களி செய்து படைக்கும் அந்தத் திருவாதிரையா என்று கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார்.