மாத்திரை தேவைப்படும் உணவுமுறை மனித உடலுக்கு ஏற்றதுதானா?

கேள்வி:

வணக்கம். இறைச்சி மட்டுமன்றிப் பால், முட்டை, தேன் ஆகியவற்றையும் விலக்கிய வீகன் வாழ்க்கைமுறைக்கு மாற எண்ணியிருக்கிறேன். 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய தோழர்களும் இதற்கென ஒரு சங்கம் தொடங்கியபோது மிகச் சிலரே ஏற்றிருந்த இந்நெறி, சனவரி மாதம் முழுவதும் வீகனாக இருந்து பார்க்க அழைக்கும் ‘வீகனுவரி’ இயக்கம் 2014-இல் தொடங்கிய பிறகு ஒவ்வொரு சனவரியிலும் பல நாடுகளில் பேசுபொருளாகி வருகிறது. விலங்குகள் படும் துன்பத்தில் எனக்குப் பங்கு இருக்கக் கூடாது என்பதே என் முதன்மையான நோக்கம். அதில் தயக்கம் ஏதுமில்லை. ஆனால் பி12 உயிர்ச்சத்தை மாத்திரையாகவோ, அது சேர்க்கப்பட்ட உணவாகவோ எடுத்தே தீர வேண்டும் என்று இம்முறையை ஆதரிப்பவர்களே சொல்கிறார்கள். வெளியிலிருந்து ஒரு சத்தைச் சேர்த்தால்தான் தாக்குப்பிடிக்கும் என்றால், இந்த உணவுமுறை மனித உடலுக்கு ஏற்றதுதானா? அறிந்தவர்கள் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதல் மறுமொழி:

நல்ல கேள்வி, நண்பரே. பி12 சத்தைத் தாவரங்கள் உருவாக்குவதில்லை என்பது உண்மை. ஆனால் விலங்குகளும் அதை உருவாக்குவதில்லை. பாக்டீரியா போன்ற நுண்ணுயிரிகளால் மட்டுமே அதைத் தயாரிக்க முடியும். ஆடு மாடுகளின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள், தீவனத்தில் உள்ள கோபால்ட்டைக் கொண்டு அதை உருவாக்க, அதுவே இறைச்சியிலும் பாலிலும் சேர்கிறது. பெரும் பண்ணைகளில் வளர்க்கப்படும் கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் தீவனத்திலேயே பி12 கலந்து கொடுக்கிறார்கள். ஆகவே அந்த இறைச்சியை உண்பவரும் ஆலையில் தயாரான பி12-ஐத்தான் விலங்கின் உடல் வழியாகப் பெறுகிறார். மாத்திரையில் இருப்பதும் நுண்ணுயிரிகளைக் கொண்டு நொதிக்கவைத்து எடுக்கப்படுவதுதான். இதில் எதை இயற்கை என்பது, எதைச் செயற்கை என்பது?

வயது முதிர முதிர இரைப்பை அமிலம் குறைவதால், இறைச்சி உண்பவர்களுக்கும் உணவிலுள்ள பி12 சரிவர உறிஞ்சப்படாமல் போகலாம். அதனால்தான் 50 வயதைக் கடந்தவர்கள் எல்லோருமே இச்சத்தைப் பெரும்பாலும் செறிவூட்டிய உணவிலிருந்தோ மாத்திரையிலிருந்தோ பெறுவது நல்லது என்று அமெரிக்க மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

எனினும் அலட்சியத்துக்கு இங்கே இடமே இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகளுக்குப் போதுமானதாக இருப்பதால், மாத்திரையை விட்டவருக்கு உடனே எந்தக் குறையும் தெரியாது. மேலும், கீரைகளிலும் பருப்புகளிலும் நிறைந்துள்ள ஃபோலேட் என்ற மற்றொரு பி வகை உயிர்ச்சத்து, பி12 குறைவால் வரும் ரத்தசோகையை வெளியே தெரியாமல் மறைத்துவிடக்கூடும். அதற்குள் நரம்புகள் சேதமடைந்துகொண்டே போகும், சில வேளைகளில் அச்சேதம் மீளவும் செய்யாது. நாள்தோறும் 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு 2,000 மைக்ரோகிராம் எடுக்கும்படி இங்கிலாந்தின் வீகன் சங்கம் கூறுகிறது. வார அளவு அத்தனை பெரிதாக இருப்பதற்குக் காரணம், ஒரே வேளையில் கொடுக்கப்படும் பி12-இல் மிகச் சிறிய பகுதியையே உடலால் உறிஞ்ச முடியும் என்பதுதான்.

இரண்டாம் மறுமொழி:

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் எலும்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்ற வருத்தம் எனக்குண்டு. இங்கிலாந்தில் ஏறத்தாழ 55,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், இறைச்சி உண்பவர்களைவிட வீகன்களுக்கு எலும்பு முறிவு அபாயம் 43 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. குறைந்த உடல் எடை, குறைந்த கால்சியம், குறைந்த புரதம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகு அந்த வேறுபாடு குறைந்தது, ஆனால் மறையவில்லை. பாலை விடுபவர் கால்சியத்துக்கு வேறு வழியைத் திட்டமிட்ட பிறகே விட வேண்டும்.

மூன்றாம் மறுமொழி:

நீங்கள் விலங்குகளை முன்னிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். நான் நிலத்தை முன்னிட்டு மாறியவன். 119 நாடுகளிலுள்ள ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஆய்வு, உலகின் வேளாண் நிலத்தில் 83 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும் விலங்குப் பொருள்கள் நமக்குத் தரும் கலோரி வெறும் 18 சதவீதம் என்று காட்டியது. மேய்ச்சல் நிலம் முழுவதையும் உழுது பயிரிட முடியாது என்பது சரியான மறுப்பே. ஆனால் அந்நிலம் பயிராக வேண்டிய தேவையும் இல்லை; காடாகவோ புல்வெளியாகவோ மீண்டாலே பெரும் நன்மை. சோயாவுக்காகக் காடு அழிகிறது என்று வீகன்களைக் குறைகூறுவோரும் உண்டு. உலகில் விளையும் சோயாவில் ஏறத்தாழ முக்கால் பங்கு கால்நடைத் தீவனமாகிறது என்பதை அவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

கேட்டவர்:

மிக்க நன்றி. என் ஐயத்தின் அடிப்படையே தவறாக இருந்தது என்பது புரிகிறது. ஒன்றை மட்டும் தெளிவுபடுத்துங்கள். சுருள்பாசியில் (ஸ்பைருலினா) பி12 இருப்பதாகப் படித்தேன். மாத்திரைக்குப் பதிலாக அதை எடுக்கலாமா? ரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்த பிறகு மாத்திரையைத் தொடங்கினால் போதாதா?

முதல் மறுமொழியாளர்:

இரண்டுக்குமே ‘வேண்டாம்’ என்பதுதான் என் விடை. சுருள்பாசியில் இருப்பது பெரும்பாலும் பி12 போன்ற தோற்றமுடைய, மனித உடலுக்குப் பயன்படாத ஒரு சேர்மம். அதை நம்பி இருப்பது ஆபத்து. குறைவு தெரியும்வரை காத்திராமல், உணவை மாற்றும் நாளிலேயே மாத்திரையையும் தொடங்குங்கள். பரிசோதனை செய்யும்போது ரத்தத்தின் பி12 அளவோடு நிறுத்திவிடாமல், மெத்தில்மலோனிக் அமிலத்தின் அளவையும் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உயிரணுக்களுக்குப் பி12 போதுமான அளவு கிடைக்கிறதா என்பதை அது இன்னும் தெளிவாகக் காட்டும்.