புது ஷூவைப் பழக்குவதற்கு ஒரு சொல் (வெள்ளி மாலைக்குள்)

செ. எழுதியது (செவ்வாய், இரவு)

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

மலைப்பாதை வழிகாட்டிகளாகப் பயிற்சி பெறும் இளைஞர்களுக்கான ஆறு பக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலை ஐந்து மணிக்கு அச்சுக்குப் போக வேண்டும். தண்ணீர், அட்டைப்பூச்சி, யானை பற்றிய பகுதிகள் எல்லாம் முடிந்தன. ஷூ வாங்குவது பற்றிய ஒன்றரைப் பக்கத்தில் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஹைக்கிங் ஷூவுக்கு மலையேற்றக் காலணி என்று போட்டேன். ஆனால் கையேடு முழுக்கச் சோலை ஓரமாக நடப்பதுதான், கயிறு கட்டி ஏறுவது எங்கேயும் இல்லை. அதனால் மலைநடைக் காலணி என்று மாற்றலாமா என்று யோசனை. டோ பாக்ஸ் என்பது ஷூவுக்குள் விரல்கள் இருக்கும் முன்பகுதி; அதற்கு விரலறை என்று வைத்திருக்கிறேன். பெரிய தலைவலி பிரேக்-இன். புது ஷூவை வீட்டிலும் தெருவிலும் போட்டு நடந்து, காலோடு சேர வைப்பது. இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன், "உடைத்து உள்நுழைதல்" என்று வந்தது. திருடனுக்குச் சரி.

புலவர் மு. எழுதியது (புதன், அதிகாலை)

அம்மா, காலணி என்பதையே நான் ஏற்பதில்லை. அணி என்றால் நகை. அப்படிப் பார்த்தால் கொலுசும் காலணிதான். நம்மிடம் சொல் இல்லையா? பெரும்பாணாற்றுப்படையில் காட்டு வழியே சாத்தாக, அதாவது கூட்டமாக, செல்லும் வணிகர்கள் "அடிபுதை அரணம்" எய்திச் செல்கிறார்கள். அடியைப் புதைக்கும் அரண்! பாதத்தை முழுதாக மூடுவது. இதைவிடத் துல்லியமாக ஷூவை யாரும் வரையறுக்க முடியாது. பட்டினப்பாலையின் "தொடுதோல் அடியர்" வேறு. அது திறந்த செருப்பாக இருக்கலாம். இரண்டையும் பாடியவர் ஒருவரே, கடியலூர் உருத்திரங்கண்ணனார். வேறுபாடு தெரியாமலா இரண்டு சொல் ஆண்டார்? எனவே அடியரணம்.

ர. எழுதியது (புதன், காலை)

ஐயா, அடிபுதை அரணத்துக்கும் உரையில் செருப்பு என்றுதானே இருக்கிறது? தவிர, அடியரணம் என்று கையேட்டில் பார்த்தால் லத்தி அடிக்குக் கவசம் என்று நினைப்பார்கள்.

செ. அக்கா, விரலறையை விடாதீர்கள். அதன் அருமை எனக்குத் தெரியும். போன மாசியில் புது ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டிக்கொண்டு வெள்ளியங்கிரி போனேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் கட்டைவிரல் ஷூவின் முன்சுவரில் போய் இடித்தது. அடிவாரத்தில் கழற்றிப் பார்த்தால் இரண்டு கட்டைவிரல் நகமும் நாவற்பழ நிறம். ஒரு நகம் சித்திரையில் விழுந்தது, இன்னொன்று வைகாசியில். என்னோடு இறங்கிய பாட்டி ஒருவர் மூங்கில் கம்பும் வெறுங்காலுமாக, என்னைத் தாண்டி, "மெதுவா வா சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கையேட்டில் இதைக் கட்டாயம் சேருங்கள்: கடையில் சாய்வுப் பலகை இருந்தால் அதில் கீழ்நோக்கி நின்று பார்க்க வேண்டும். விரல் நுனி முன்னால் முட்டினால் அந்த ஷூ வேண்டாம்.

ஆ. எழுதியது (புதன், மதியம்)

வணக்கம். ஆம்பூர்ப் பக்கம் ஷூ தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் பேட்டர்ன் வெட்டியவன். பொதுவாக இங்கே வாசிப்பதோடு சரி, இன்று எழுதுகிறேன். எங்கள் தளத்தில் அப்பர் (மேற்பகுதி), சோல் (அடிப்பகுதி), லாஸ்ட் (கால் வடிவ அச்சு), டோ (முன்பகுதி) என்றுதான் பேச்சு. தமிழில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் ஷூவுக்கு அடியில் மண்ணைப் பிடிக்கிற முட்டு முட்டான பகுதிக்கு மட்டும் எல்லோரும் டயருக்குச் சொல்வது போல "பட்டன்" என்போம். "பட்டன் தேய்ந்துவிட்டது, வழுக்கும்" என்றால் எந்தப் பையனுக்கும் புரியும். அதற்குப் புதுச்சொல் தேடாதீர்கள்.

சொல் எதுவானாலும் விஷயம் இதுதான். ஷூ எந்த அச்சில் இழுத்துத் தைக்கப்படுகிறதோ அந்த வடிவம்தான் அதற்கு. வெளிநாட்டு அச்சு பலவும் முன்பக்கம் ஒடுக்கம், நம் கால் முன்பக்கம் அகலம். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. அதிலும் இதுவே தெரிந்தது. விரல் நெருக்குகிறதே என்று நம் ஆட்கள் ஒரு நம்பர் கூட வாங்குகிறார்கள். இங்கிலாந்து அளவில் ஒரு நம்பர் என்றால் மூன்றில் ஒரு அங்குலம், கிட்டத்தட்ட எட்டரை மில்லிமீட்டர். அகலத்துக்காக வாங்கியது நீளத்தைக் கூட்டிவிடும். அப்புறம் எட்டு வைக்கிற ஒவ்வொரு முறையும் குதிகால் மேலே எழும்பி உரசும். கொப்புளம் அங்கேதான் வரும்.

பழக்குவது பற்றி: தோல் ஷூ நாளாக ஆக வளையும், அகலத்தில் கொஞ்சம் கொடுக்கும். நீளத்தில் கொடுக்கவே கொடுக்காது. துணியும் செயற்கைப் பொருளும் கலந்த இன்றைய ஷூ கடையில் எப்படி இருக்கிறதோ கடைசி வரை ஏறக்குறைய அப்படித்தான். "போகப் போகச் சரியாகிவிடும்" என்கிற கடைக்காரரை நம்ப வேண்டாம். சாயங்காலம் போய் வாங்கச் சொல்லுங்கள், நடந்து நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலைக்குப் போடுகிற தடிமனான காலுறையையே போட்டுப் பார்க்கட்டும். பருத்திக் காலுறை வேண்டாம், வியர்வையைக் குடித்துவிட்டு விடாது.

அந்த ஆய்வை வைத்து யோசித்திருக்கும் இந்திய அளவு முறைக்குப் பெயர் "பா". பாரதத்தின் பா.

புலவர் மு. எழுதியது (புதன், மாலை)

ஆம்பூர் நண்பருக்கு நன்றி. பாரதத்தின் பா இருக்கட்டும். அடியை அளப்பது எப்போதும் பாதான்! மனிதனுக்கு அடி இரண்டு, ஆகவே அவன் குறள்வெண்பா. ஷூவைக் கட்டும் கயிற்றுக்கு நாடா என்கிறோம். சீரோடு சீரைக் கட்டுவது தளை, எனவே இதையும் தளை எனலாம்.

ர. எழுதியது (புதன், மாலை)

தளை தட்டினால் யாப்பில் பிழை. ஷூவில் தட்டினால் பல் போய்விடும். லேஸ் என்றே இருக்கட்டும் ஐயா.

செ. எழுதியது (புதன், இரவு)

குதிகால் எழும்பாமல் இருக்க மேல் இரண்டு துளைகளில் லேஸைக் கண்ணி போட்டு இறுக்குவார்களே, அதற்குக் குதிப்பூட்டு என்று எழுதினேன். தம்பி படித்துவிட்டு "எதுக்கு குதிக்கணும்?" என்றான். எடுத்துவிட்டுக் "குதிகால் முடிச்சு" என்று போட்டிருக்கிறேன். தயவுசெய்து யாராவது பிரேக்-இன்னுக்கு வாருங்கள். எங்கள் ஊரில் இளங்காளையை ஏரில் பூட்டுமுன் வசக்குவார்கள். வசக்கல் எப்படி?

யா. எழுதியது (வியாழன், காலை)

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து. நீங்கள் காலணியா அரணமா என்று சண்டை பிடிக்கிறீர்கள். நாங்கள் பேசாமல் சப்பாத்து என்கிறோம். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். மலைச்சப்பாத்து என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். புதுச் சப்பாத்து கடிக்கும், போடப் போடப் பழகும். இதற்கு மேல் என்ன சொல் வேண்டும்?

புலவர் மு. எழுதியது (வியாழன், காலை)

பறங்கியர் சொல்லைக் கலைச்சொல்லாக்குவதா?

யா. எழுதியது (வியாழன், காலை)

அலமாரியும் சாவியும் ஜன்னலும் உங்கள் வீட்டில் இல்லையா ஐயா?

புலவர் மு. எழுதியது (வியாழன், மதியம்)

எங்கள் வீட்டில் சாளரம் இருக்கிறது. போகட்டும்.

யாழ் அன்பர் தம்மை அறியாமல் ஒரு வாசலைத் திறந்துவிட்டார்: கடிக்கும் என்றார். நாய்க்குரிய வினையைச் செருப்புக்கு ஏற்றியது நம் மக்களின் கற்பனை என்று நினைத்திருந்தேன். இன்று தொல்காப்பியத்தின் உரியியலை எடுத்துப் பார்த்தேன். "கடி" என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியர் பத்துப் பொருள் சொல்கிறார். அவற்றில் கூர்மை உண்டு, காப்பு உண்டு, புதுமையும் உண்டு. ஷூ காலைக் காக்கிறது; புதிதாக இருக்கையில் கூராகக் குத்துகிறது. மூன்றும் ஒரே சொல்லில்! செருப்புக்கடி என்று பாமரர் சொல்வதன் ஆழம் இதுதான். அந்தப் புதுமைக் கடியை நீக்குவது கடிநீக்கம். இரண்டாம் வேற்றுமைத் தொகை. விவாதம் முடிந்தது.

ர. எழுதியது (வியாழன், மதியம்)

செருப்பு கடிப்பது வினைச்சொல் கடி. தொல்காப்பியர் சொல்வது உரிச்சொல் கடி. ஒலி ஒன்றானால் சொல்லும் ஒன்றாகிவிடுமா? நீங்கள்தானே ஐயா எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தீர்கள்? அதோடு கடிநீக்கம் என்றால் தொப்புளைச் சுற்றி ஊசி ஞாபகம் வருகிறது.

வசக்கலும் வேண்டாம். முதல் வாரம் யார் யாரை வசக்குகிறார்கள் என்பதே தெளிவில்லை. என் வோட்டு பழக்கலுக்கு.

பெயர் இடாத உறுப்பினர் (வியாழன், இரவு)

என் முகவரியைக் குழுவிலிருந்து எடுத்துவிடும்படி இத்தோடு மூன்றாவது முறை கேட்கிறேன்.

புலவர் மு. எழுதியது (வியாழன், நள்ளிரவு)

பழகு தன்வினை, பழக்கு பிறவினை. மாணவனைப் பழக்கலாம், யானையைப் பழக்கலாம், அறிவுள்ளது பழகும். ரப்பர் எப்படிப் பழகும்? ஆம்பூர் நண்பரே சொல்லிவிட்டார், இன்றைய ஷூ மாறுவதே இல்லை என்று. மாறாததைப் பழக்கல் என்பது பொய். கடியை நீக்கினோமா இல்லையா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று. கூழாங்கல் ஷூவுக்குள் புகாமல் கணுக்காலில் சுற்றும் துணிக்கும் சொல் வேண்டியிருக்கும். புறநானூறு 257 "செருப்பிடைச் சிறுபரல் அன்னன்" என்று தொடங்குகிறது. பகைவருக்கு அந்தப் பாட்டின் வீரன் செருப்புக்குள் புகுந்த பரல். ஆகவே அத்துணி பரல்காப்பு. இதையாவது எதிர்க்காதீர்கள்.

ஆ. எழுதியது (வெள்ளி, காலை)

பரல்காப்பு நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் அந்தப் பையன்களிடம் ஷூவே இல்லை. அதைக் கையேட்டில் போட்டு என்ன செய்வது?

செ. எழுதியது (வெள்ளி, மாலை 5.20)

அனைவருக்கும் நன்றி. கோப்பை அனுப்பிவிட்டேன், இருபது நிமிடம் தாமதம். எண்ணிப் பார்த்ததில் பழக்கலுக்கு ஐந்து, வசக்கலுக்கு இரண்டு (ஒன்று என்னுடையது), கடிநீக்கத்துக்கு ஒன்று. ஆனால் எழுதும்போது பெயர்ச்சொல்லே தேவைப்படவில்லை. கையேட்டில் இப்படித்தான் போயிருக்கிறது:

"புது ஷூவை இரண்டு வாரம் வீட்டிலும் தெருவிலும் போட்டுப் பழக்குங்கள். அதற்கப்புறமும் கடித்தால் அதை மலைக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது. பெரிய காலுக்குப் பொருந்துவதை வாங்குங்கள். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கட்டும்."

தலைப்பில் மலைநடைக் காலணி, உள்ளே ஷூ. விரலறை ஒரே ஓர் இடத்தில் வருகிறது. பயிற்சிக்கு வரும் பையன் ஒருவனிடம் வாசித்துக் காட்டினேன். "ஷூவுக்குள்ள ரூமா?" என்று சிரித்தான், ஆனால் புரிந்துகொண்டான்.

புலவர் மு. எழுதியது (வெள்ளி, இரவு)

வினையைக் கொடுத்துவிட்டுப் பெயரைக் கைவிட்டீர்கள். கலைச்சொல் என்றால் பெயர்தானே அம்மா? குழுவின் சொல் தொகுப்பில் பழக்கலுக்கு எதிராக என் மறுப்பைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆ. எழுதியது (வெள்ளி, இரவு)

ஐயா, கேட்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம். நீங்கள் ஷூ போட்டதுண்டா?

புலவர் மு. எழுதியது (சனி, அதிகாலை)

ஒருமுறை. 1974, என் திருமணம். மாமனார் வாங்கிக் கொடுத்தது. மூன்று நாள் போட்டேன், மூன்று நாளும் கடித்தது. அப்புறம் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன், அவனையும் கடித்தது. அதனால்தான் சொல்கிறேன், பழக்கல் பொருந்தாது.