ஹைப்ரிட் காருக்கு மைலேஜ் குறையாத டயர் எது? அவசரம், தர்மபுரி

பாலக்கோடு_ரோடு:
வணக்கம் நண்பர்களே. கார் ஹைப்ரிட். டயர் தேஞ்சு போச்சு, மாத்தியாகணும். மைலேஜுக்காகத்தான் கூட காசு போட்டு ஹைப்ரிட் எடுத்தேன், டயர் மாத்தி அது குறைஞ்சுடக் கூடாது. எந்த டயர் போடலாம்? கடைல ஒரு சைஸ் பெருசா போடச் சொல்றாங்க, பார்க்க கம்பீரமா இருக்கும்னு. நாளைக்குக் காலைல கடைக்குப் போறேன், தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

ஓசூர்_ஷிப்ட்:
எந்த கார்ங்க? டயர் சைஸ் என்ன? எவ்வளவு கிலோமீட்டர் ஓடியிருக்கு? டவுனா, ஹைவேயா? இது எதுவும் சொல்லாம எந்த டயர்னு கேட்டா என்னன்னு சொல்றது?

அகரம்_ஜங்ஷன்:
எந்த டயர் போட்டாலும் நைட்ரஜன் அடிங்க அண்ணா. என் அனுபவத்துல மைலேஜுக்கு அதுதான் மருந்து. காத்து சூடாகி விரியாது, டயர் கூலா இருக்கும்.

பாலக்கோடு_ரோடு:
டொயோட்டா ஹைரைடர். நாப்பதாயிரத்துக்கு மேல ஓடியாச்சு. சைஸ் கீழ போய்ப் பார்த்துட்டு சொல்றேன்.

தகடூரான்:
ஹைரைடரில் இரண்டு வகை உண்டு. ஒன்று மைல்ட் ஹைப்ரிட், அதில் பேட்டரி மோட்டார் இன்ஜினுக்குக் கை மட்டும் கொடுக்கும். மற்றொன்று ஸ்ட்ராங் ஹைப்ரிட், அது மோட்டாரிலேயே கொஞ்ச தூரம் ஓடும். எது உங்களுடையது என்று கூடவா சொல்லக் கூடாது? இதே கேள்வி இங்கே வாராவாரம் வருகிறது. பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்திருந்தால் பாதி பதில் கிடைத்திருக்கும்.

இருந்தாலும் சொல்கிறேன். டயர் உருளும்போது தரையில் படும் பாகம் நசுங்கி நிமிர்கிறது. அப்படி நசுங்கி நிமிர்வதில் ரப்பர் கொஞ்சம் சக்தியைச் சூடாக விழுங்கிவிடும். ரோலிங் ரெசிஸ்டன்ஸ் என்பது இதுதான். அதை 10 சதவீதம் குறைத்தால் எரிபொருளில் 1 முதல் 2 சதவீதம் வரை மிச்சம். லிட்டருக்கு 22 தருகிற வண்டிக்கு அது அரை கிலோமீட்டரைத் தாண்டாது. டயர் மாற்றி 5 கிலோமீட்டர் கூடியது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

ஊத்தங்கரை_டீச்சர்:
தகடூரான் சார், அவர் அவசரத்துல கேக்கறார், விடுங்க. பாலக்கோடு சார், என்கிட்ட ஹோண்டா சிட்டி ஹைப்ரிட் இருக்கு. புது டயர் போட்டதும் மைலேஜ் கொஞ்சம் இறங்கும், பயந்துடாதீங்க. எனக்கும் அப்படித்தான் ஆச்சு, ஓட ஓட சரியாச்சு.

தகடூரான்:
டீச்சர் சொல்வது சரி. அதற்குக் காரணம் இரண்டு. புது டயரில் ரப்பர் கனம் அதிகம், அதனால் விழுங்கும் சக்தியும் அதிகம். தேய்ந்த டயர்தான் லேசாக உருளும். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. 8 மில்லிமீட்டர் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டை) 2 மில்லிமீட்டராகத் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் ஆரமே 6 மில்லிமீட்டர் குறைந்திருக்கும். இந்தக் கார் டயரில் அது கிட்டத்தட்ட 1.7 சதவீதம். சின்னச் சக்கரம் கூடுதலாகச் சுற்றும், மீட்டர் ஓடாத தூரத்தையும் சேர்த்துக் காட்டும். புது டயர் போட்டதும் அந்தப் பொய்க் கணக்கு போய்விடும். மைலேஜ் குறைந்ததாகத் தோன்றுவதில் ஒரு பங்கு இது.

பாலக்கோடு_ரோடு:
ஸ்ட்ராங் ஹைப்ரிட் சார். சைஸ் பார்த்துட்டேன், 215/60 ஆர்17 96எச். கடைல 225/65 ஆர்17 போடலாம்னாங்க. முன்னாடி ரெண்டு டயர் உள்பக்கம் மட்டும் ரொம்ப தேஞ்சிருக்கு. பின்னாடி பரவால்ல. ரெண்டு மட்டும் மாத்தினா போதுமா?

டயர்கடை_காவேரிப்பட்டணம்:
தம்பி, இதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும். உள்பக்கம் மட்டும் தேஞ்சா அலைன்மெண்ட் அவுட்டு, அதாவது சக்கரம் நிக்கிற கோணம் தப்பு. பட்டன் மேல உள்ளங்கையை வச்சு வெளியிலிருந்து உள்ள ஒரு தடவை, உள்ளிருந்து வெளிய ஒரு தடவை தடவிப் பாரு. ஒரு பக்கம் வழவழன்னு, மறுபக்கம் ரம்பம் மாதிரி குத்துச்சுன்னா டோ, அதாவது சக்கரம் நேரா பாக்கற கோணம், தப்பியிருக்கு. சக்கரம் நேரா உருளாம இழுத்துக்கிட்டே போகுது. மைலேஜ் அங்கயே போச்சு. அதைச் சரி பண்ணாம எவ்வளவு ஒசந்த டயர் போட்டாலும் அதையும் தின்னுரும்.

225/65 வேண்டவே வேண்டாம். 215ங்கறது அகலம் மில்லிமீட்டர்ல, 60ங்கறது அதுல எத்தனை சதவீதம் சைடு உயரம், 17ங்கறது ரிம் இஞ்ச். கணக்குப் போட்டுப் பாரு, 215/60 விட்டம் 690 மில்லிமீட்டர் கிட்ட. 225/65 அதை விட 5 சதவீதம் பெருசு. மீட்டர்ல 100 காட்டும்போது வண்டி 105 ஓடும். வெயிட்டும் கூட. ஸ்டீரிங்கை முழுசா லாக் அடிச்சு திருப்பும்போது உள்ள உரசினாலும் உரசும். கம்பெனி குடுத்த சைஸே போடு. 96ங்கறது லோடு, ஒரு டயர் 710 கிலோ தாங்கும். அதுக்குக் கீழ இறங்காத.

ரெண்டு மட்டும் மாத்தறதா இருந்தா புதுசை பின்னாடி போடணும், பின்னாடி இருக்கற பழசு முன்னாடி வரணும்.

சேலம்_தினசரி:
இது என்ன புதுசா? இழுக்கறது முன் சக்கரம், பிரேக் முன்னாடிதான் அதிகம். புதுசு முன்னாடிதானே போடணும்? எல்லாக் கடையிலயும் அப்படித்தான் போடறாங்க.

டயர்கடை_காவேரிப்பட்டணம்:
போடறாங்க, தெரியும். மழையில முன்னாடி வழுக்கினா ஸ்டீரிங்ல தெரியும், காலை எடுத்தா சமாளிக்கலாம். பின்னாடி வழுக்கினா வண்டி சுத்திரும், சாதாரணமா ஓட்டறவங்களால பிடிக்க முடியாது. அதுக்குத்தான் பின்னாடி.

எலுமிச்சனகிரி_விவசாயி:
பிராண்டு பத்தி யாரும் பேசலையே. எங்க ஊர் ரோட்டுக்கு சைடு வால் கெட்டியா இருக்கணும். மைலேஜ் டயர்னு ஒண்ணு போட்டேன், பேர் வேணாம், மாந்தோப்புக்குப் போற வழியில ஒரே குழியில சைடு வீங்கிடுச்சு. அப்புறம் எம்.ஆர்.எஃப். மாத்தினேன். ஒரு தொல்லையும் இல்லை.

தகடூரான்:
ஒரு குழியை வைத்துப் பிராண்டை எடைபோட முடியாது. முத்திரையைப் பாருங்கள். பிரிட்ஜுக்கும் ஏசிக்கும் நட்சத்திரம் கொடுக்கும் பி.இ.இ. டயருக்கும் நட்சத்திர முத்திரை வைத்திருக்கிறது. கட்டாயமில்லை என்பதால் எல்லா டயரிலும் இருக்காது. ஐரோப்பிய முத்திரை இருக்கும் மாடல் என்றால் இன்னும் தெளிவு. ஏ பிரிவு என்றால் ஒரு டன் எடைக்கு 6.5 கிலோவுக்குள் ரோலிங் ரெசிஸ்டன்ஸ், கடைசியான இ பிரிவு என்றால் 10.6 அல்லது அதற்கு மேல். அதே முத்திரையில் ஈரத்தரைப் பிடிப்புக்கும் தனி எழுத்து உண்டு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எரிபொருளுக்கு ஏ, ஈரத்துக்கு கடைசி எழுத்து என்று இருந்தால் மழையில் தொப்பூர் கணவாய் இறங்கும்போது நீங்கள்தான் வருந்த வேண்டும். மிச்லின் பிரைமசி, பிரிட்ஜ்ஸ்டோன் ஈகோப்பியா, யோகோஹாமா புளூஎர்த் எல்லாமே இந்தக் கணக்கை மனத்தில் வைத்துச் செய்தவைதாம். உங்கள் சைஸில் கடையில் எது இருக்கிறதோ அதைக் கேளுங்கள்.

நைட்ரஜன் என்று சொன்ன நண்பருக்கு: நாம் அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் விரியும். நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாகக் கசியும், அவ்வளவே.

அகரம்_ஜங்ஷன்:
அந்த மெதுவா கசியறதுதான் சார் பாயிண்டே. காத்து மாசாமாசம் யார் பாக்கறா? காத்து குறைஞ்சா மைலேஜ் குறையும்னு நீங்களும் ஒத்துக்குவீங்கல்ல?

தகடூரான்:
ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) குறைவுக்கும் மைலேஜில் சுமார் 0.2 சதவீதம் போகும். அதற்கு மருந்து மாதம் ஒரு முறை, வண்டி ஓடுவதற்கு முன் குளிர்ந்த நிலையில், டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றுப் பார்ப்பது.

ஓசூர்_ஷிப்ட்:
டயரை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. இ20 பெட்ரோலையும் பாருங்க, அதுல 20 சதவீதம் எத்தனால். எத்தனால்ல லிட்டருக்கு பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி.

சேலம்_தினசரி:
இ20 எல்லாருக்கும் பொதுதானே. நான் ஒரு வழி சொல்றேன். தர்மபுரில இருந்து சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்துல நியூட்ரல் போட்டுருங்க. வண்டி தானா உருளும், டயர் எதுவா இருந்தாலும் மைலேஜ் 28 வரை காட்டும். நான் அப்படித்தான் ஓட்டறேன்.

முப்பது_வருஷ_ஸ்டீரிங்:
தம்பி, தயவு பண்ணி அதை அழிச்சிடு. யாராவது படிச்சுட்டு செஞ்சிடப் போறாங்க. நான் அந்தக் கணவாயில லாரி ஓட்டினவன். டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுவாங்க, பாதி இறக்கத்துல பிரேக் லைனர் சூடாகி நாத்தம் வரும், அப்புறம் பெடலை மிதிச்சா வெறும் தரை. முன்னாடி போற காரெல்லாம் என்ன ஆகும்னு நீயே நினைச்சுப் பாரு. அந்த இடத்துல செத்தவங்க கொஞ்சமா? கியர்லதான் இறங்கணும். லாரியோ காரோ, அதுல மாத்தமே கிடையாது.

சேலம்_தினசரி:
அண்ணே நான் ஓட்டறது கார். லாரி லோடு வேற, கார் வேற.

ஊத்தங்கரை_டீச்சர்:
கார்லயும் தப்புதாங்க. அதுவும் டொயோட்டா ஹைப்ரிட்ல நியூட்ரல் போட்டா பேட்டரி சார்ஜே ஏறாது, மேனுவல்லயே இருக்கு. டி-லயே (D, ஓட்டற கியர்) வச்சு காலை எடுத்தா இறக்கம் முழுக்க சும்மா சார்ஜ் ஏறும். அதை விட்டுட்டு நியூட்ரல் போட்டா காசும் போகும், பிடிமானமும் போகும்.

டயர்கடை_காவேரிப்பட்டணம்:
டீச்சர் சொன்னதோட ஒண்ணு. பேட்டரி நிறைஞ்சுட்டா இன்ஜின் திடீர்னு உறுமும். பெட்ரோல் குடிக்கல, வண்டியைப் பிடிச்சு நிறுத்துது. பயந்து நியூட்ரல் போடாதீங்க. நீளமான இறக்கத்துல பி-க்கு (பார்க்கிங் P இல்ல, இன்ஜின் பிரேக்குக்கான B) மாத்திக்கலாம், அதுக்குத்தான் குடுத்திருக்கான்.

சேலம்_தினசரி:
சரி, ஆனா 28 காட்டினது பொய்யில்லை.

முப்பது_வருஷ_ஸ்டீரிங்:
இறக்கத்துல எல்லா வண்டியும் காட்டும். திரும்பி சேலத்துல இருந்து ஏறி வரும்போது எவ்வளவு காட்டுதுன்னு அதையும் போடு.

எலுமிச்சனகிரி_விவசாயி:
இழை போட்டவர் எங்க? கடைக்குப் போயிட்டாரா? டயர் சைடுல நாலு இலக்கம் இருக்கும், அதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்க. 3524ன்னு இருந்தா 2024ல 35ஆவது வாரம் செஞ்சது. பழைய ஸ்டாக் தலையில கட்டிருவாங்க.

பாலக்கோடு_ரோடு:
எல்லாருக்கும் நன்றி. வேலை, உடனே பதில் போட முடியல. நாலும் மாத்திட்டேன், அதே 215/60 ஆர்17. அலைன்மெண்ட்ல டோ அவுட்னு பிரிண்ட்லயே வந்துச்சு, சரி பண்ணியாச்சு. ஸ்டீரிங் இப்ப இழுக்கல. மைலேஜ் முன்னைக்கு ஒண்ணு கம்மியா காட்டுது, டீச்சர் சொன்ன மாதிரி ஓட்டிப் பார்க்கறேன்.

ஓசூர்_ஷிப்ட்:
நல்லதுங்க. எந்த பிராண்டு போட்டீங்க? நாலுக்கும் எவ்வளவு ஆச்சு? 2025 செப்டம்பர்ல டயர் ஜி.எஸ்.டி. 28ல இருந்து 18க்கு இறங்கியிருக்கு, பில்லுல 18 தான் போட்டிருக்கான்னு பாருங்க.

அகரம்_ஜங்ஷன்:
நைட்ரஜன் அடிச்சீங்களா அண்ணா?

எலுமிச்சனகிரி_விவசாயி:
பிராண்டு சொல்லிட்டுப் போங்க சார், என் மச்சானும் அதே வண்டிதான் வச்சிருக்கான், அடுத்த மாசம் மாத்தணும்.