41 வயதில் சட்டம் படிக்க ஆசை: வகுப்புக்கே போகாமல் பட்டம் வாங்கித் தருகிறேன் என்கிறார் முதலாளி

கொரட்டூர் தட்டச்சர்:

வில்லிவாக்கம் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் இருக்கும் பத்திர எழுத்தர் கடையில் 22 ஆண்டுகளாகத் தட்டச்சு செய்கிறேன். கிரயம், தான செட்டில்மெண்ட், விடுதலை, பாகப்பிரிவினை, பொது அதிகாரம் என்று எத்தனை ஆயிரம் பத்திரங்கள் இந்த விரல்கள் வழியாகப் போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. 2018-இல் பதிவுத்துறை ஸ்டார் 2.0 மென்பொருளைக் கொண்டுவந்த பிறகு பாதி நாள் இணையத்தில் விவரம் ஏற்றுவதிலும் டோக்கன் எடுப்பதிலும் போகிறது. விரல் வேகத்துக்கு இருந்த மரியாதை போய்விட்டது. மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, எங்கே ஓட்டை என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இப்போது மரியாதை. எனக்கு அது தெரியும். ஆனால் நான் சொன்னால் யாரும் கேட்க வேண்டியதில்லை. நான் தட்டச்சர்.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வழக்கறிஞர் ஒருவர் எழுதி அனுப்பிய கிரயப் பத்திர வரைவு வந்தது. செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லை விவரத்தில், கிழக்கும் மேற்கும் மாறியிருந்தன. மூலப் பத்திரத்தில் கிழக்கே 20 அடி பொதுப்பாதை. வரைவிலோ பாதை மேற்கே போய்விட்டது. தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். “உங்கள் வேலை தட்டச்சு செய்வது, அதை மட்டும் செய்யுங்கள் அம்மா” என்றார். செய்தேன். பதிவும் ஆயிற்று. எட்டு மாதம் கழித்து வாங்கியவர் வங்கிக் கடனுக்குப் போனபோது மாட்டிக்கொண்டார். பிழைதிருத்தல் பத்திரம் அதே மேசைக்கு வந்தது, அதையும் நான்தான் அடித்தேன். விற்றவரைத் திருச்சியிலிருந்து திரும்ப வரவழைக்க வேண்டியிருந்தது. வாங்கியவர் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தன் தவறு எது என்றே தெரியாமல் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று இரவுதான் சட்டம் படிக்கலாமா என்ற எண்ணம் வந்தது.

என் நிலவரம்: வயது 41. பிளஸ் டூ அரசு மகளிர் பள்ளியில் முடித்தேன். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத் தொலைநிலைக் கல்வியில் பி.காம்., 58 விழுக்காடு. சம்பளம் ரூ.18,000. கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் இருக்கிறார். மகள் பிளஸ் ஒன். மாமியாருக்குச் சர்க்கரை நோய். மாத்திரைச் செலவு தனி.

விஷயத்தை முதலாளியிடம் சொன்னேன். நல்ல மனிதர்தான். “இதற்கு ஏன் மூன்று வருடம் வீணாக்க வேண்டும்? பக்கத்து மாநிலத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது. பணம் கட்டினால் போதும், பரீட்சைக்கு மட்டும் போய்வரலாம், எனக்குத் தெரிந்த இருவர் அப்படித்தான் வக்கீல் ஆனார்கள்” என்று ஒரு தரகரின் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் பத்து நாளாக என் கைப்பையில் இருக்கிறது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, கூப்பிடவும் கை வரவில்லை.

கேட்க வேண்டியது இரண்டு. ஒழுங்காகக் கல்லூரிக்குப் போய்ப் படித்தால் குடும்பம் தாங்குமா? இந்த வயதில் வக்கீலாகிக் கறுப்பங்கி போட்டால் நாலு காசு வருமா?

---

46-இல் கறுப்பங்கி:

முதலில் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள் அம்மா. மற்றதைப் பிறகு பேசலாம்.

நீதிமன்ற வளாகத்தில் அந்த மாதிரி இடங்களுக்கு “லெட்டர் பேடு கல்லூரி” என்று பெயர். வழக்கறிஞர் தொழிலையும் சட்டப் படிப்பையும் முறைப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும். வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பு. தொலைநிலையில் வாங்கிய சட்டப் பட்டத்தை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்யவே முடியாது. 2024 செப்டம்பரில் வந்த சுற்றறிக்கையில், கல்லூரிகள் கைரேகை வருகைப்பதிவு வைக்க வேண்டும், மாணவர் வேலையில் இருந்தால் அதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். நாளை எதிர்த்தரப்பு வக்கீலுக்கு உங்கள்மேல் கோபம் வந்தால் முதலில் தோண்டுவது உங்கள் பட்டத்தைத்தான். பத்திரத்தில் ஓட்டை தேடியே பழகிய நீங்கள் உங்கள் மூலப் பத்திரத்திலேயே ஓட்டை வைத்துக்கொள்ளலாமா?

நான் கணக்கராக இருந்த தொழிற்சாலை மூடியபோது எனக்கு 42. மறு ஆண்டு மூன்றாண்டு எல்.எல்.பி. சேர்ந்தேன். வயது தடையாக இருக்கவில்லை. தமிழ்நாட்டில் இதற்கு நுழைவுத்தேர்வு கிடையாது. பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை. குறைந்தபட்சம் 45 விழுக்காடு, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40. உங்கள் 58-க்கு விண்ணப்பிக்கத் தடையில்லை, ஆனால் இடம் கிடைக்குமா என்பதைத் தரவரிசைதான் சொல்லும். பிளஸ் டூ பள்ளியில் முடித்துவிட்டுப் பட்டம் வாங்கியிருக்கிறீர்கள், அது பெரிய நிம்மதி. பிளஸ் டூ இல்லாமல் நேராகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கிய எத்தனையோ பேர் கடைசி நேரத்தில் இந்த இடத்தில்தான் இடறி விழுகிறார்கள்.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் இரண்டு ஆண்டு வராது. நாம் ஜூனியராகச் சேரும் சீனியர் வக்கீல் போக்குவரத்துச் செலவுக்குக் கொடுப்பார், அதுவும் அவருக்கு நினைவிருந்தால். என் முதல் நாளைச் சொல்கிறேன். சீனியர் வேறு நீதிமன்றத்தில் இருந்தார், வழக்கைக் கூப்பிட்டால் “பாஸ் ஓவர்”, அதாவது சற்று நேரம் கழித்துக் கூப்பிடுங்கள் என்று கேட்டு நிற்கச் சொல்லி என்னை அனுப்பினார். எழுந்து நின்றேன். என் நரைத்த தலையைப் பார்த்த நீதிபதி, நான்தான் சீனியர் என்று நினைத்து, “சொல்லுங்கள்” என்று பேனாவை எடுத்துவிட்டார். தொண்டை ஒட்டிக்கொண்டது. பின்வரிசையில் என் மகன் வயதுப் பையன் ஒருவன் “பாஸ் ஓவர் சார், பாஸ் ஓவர்” என்று கிசுகிசுத்துக் காப்பாற்றினான். இன்றுவரை அவனுக்குத் தேநீர் என் கணக்கு.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வழக்கறிஞராகப் பதிவு செய்துவிட்டு முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது, பார் கவுன்சில் விதி 49. அங்கியையும் முதலாளி கடை நாற்காலியையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது. பதிவுக் கட்டணம் பெரிய தொகையாக இருந்தது, நான் கட்டியபோது வலித்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பொதுப்பிரிவுக்கு ரூ.750, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு ரூ.125-க்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்துவிட்டது. அந்த வகையில் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

---

சைதாப்பேட்டை கணக்குப்பிள்ளை:

எல்லோரும் ஊக்கம் கொடுப்பார்கள், நான் கணக்குக் கொடுக்கிறேன். 18,000 பெருக்கல் 36 மாதம், ரூ.6,48,000. படிப்புக் காலத்தில் மட்டும் இவ்வளவு வரவு நிற்கும். அதன்பின் இரண்டு ஆண்டு ஜூனியர் வேலை. உங்கள் மகள் கல்லூரிக்குப் போகும் ஆண்டும் உங்கள் வருமானம் நிற்கும் ஆண்டும் ஒன்றாக வருகின்றன. யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

கடனுக்கு வரும் சொத்துப் பத்திரங்கள் சரியா என்று வங்கிக்குச் சட்டக் கருத்துரை எழுதிச் சம்பாதிக்கலாம் என்று மனக்கணக்குப் போட்டிருப்பீர்கள். பத்திரம் தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். வங்கியின் வழக்கறிஞர் பட்டியலில் சேர்ப்பதற்குச் சில ஆண்டுத் தொழில் அனுபவம் கேட்பார்கள், அங்கி போட்ட மறுநாள் கூப்பிட மாட்டார்கள். வீட்டுக்கடன் நிறுவனங்களில் ஆவணங்களைச் சரிபார்க்கும் பிரிவு இருக்கிறது. 22 ஆண்டு அனுபவத்தோடு அங்கே போனால் இப்போது வாங்குவதைவிடக் கூடுதல் சம்பளம் கேட்கலாம். பட்டம் எதற்கு?

---

கொரட்டூர் தட்டச்சர்:

சைதாப்பேட்டை ஐயா, கணக்குச் சரி. மறுக்கவில்லை. நீங்கள் சொன்ன மாதிரி ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் போன ஆண்டே விசாரித்தேன். “சட்டம் படித்தவரா?” என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றதும், கோப்புகளை வரிசைப்படுத்தி எண் போடும் வேலை இருக்கிறது என்றார்கள். சம்பளம் 16,000.

கறுப்பங்கி ஐயா, தாளைக் கிழித்துவிட்டேன். பின்பக்கத்தில் மாமியாரின் மாத்திரைப் பெயர்களை எழுதி வைத்திருந்தேன், அதைப் பார்த்து வேறு தாளில் எழுதிவிட்டுத்தான் கிழித்தேன்.

---

இரண்டாம் ஆண்டு மாணவன்:

அக்கா, நான் இப்போது மூன்றாண்டுப் படிப்பில் இருக்கிறேன். உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பழைய அரசு சட்டக் கல்லூரி 2018-இலேயே புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போய்விட்டது, தெரிந்திருக்கும். கொரட்டூரிலிருந்து கேளம்பாக்கம் தாண்டிப் புதுப்பாக்கம் போய்வருவதென்றால் ஆள் பாதியாகிவிடுவார். உங்களுக்குப் பட்டரைப்பெரும்புதூர்தான் வசதி. கொரட்டூரிலேயே திருவள்ளூர் மின்தொடர்வண்டி ஏறலாம். காலையில் எல்லோரும் சென்ட்ரல் பக்கம் முண்டியடிப்பார்கள், நாம் எதிர்த்திசை. ஆவடி தாண்டினால் உட்கார்ந்து படிக்கலாம். திருவள்ளூரில் இறங்கித் திருத்தணி சாலையில் பேருந்து. சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் செலவு பெரிதில்லை. அரசுக் கல்லூரிக் கட்டணமும் அப்படித்தான்.

தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், பயப்பட வேண்டாம். பாரிமுனையில் பழைய புத்தகம் மலிவாகக் கிடைக்கிறதே என்று குற்றவியல் புத்தகங்களை மட்டும் வாங்கிவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டம் எல்லாம் மாறிவிட்டன. பிரிவு எண்களே வேறு. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமும் பழசாக இருந்தாலும் ஓரளவு சமாளிக்கலாம்.

சொத்து மாற்றுச் சட்ட வகுப்பு ஒன்றில் ஆசிரியர், “கிரயப் பத்திரத்தைக் கையில் எடுத்து முழுதாகப் படித்தவர்கள் கை தூக்குங்கள்” என்றார். அறுபது பேரில் இரண்டு கை. ஒன்று ஓய்வு பெற்ற உதவி ஆய்வாளருடையது, இன்னொன்று பாகப்பிரிவினை வழக்கில் குடும்பமே சிக்கியிருக்கும் ஒரு பெண்ணுடையது. நான் தூக்கவில்லை. எங்கள் வீட்டுப் பத்திரம் அப்பாவின் பீரோவில் இருக்கிறது, அதன் சாவி எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது. நீங்கள் வந்தால் எங்கள் வகுப்பே உங்கள் மேசையைச் சுற்றித்தான் உட்காரும்.

---

46-இல் கறுப்பங்கி:

தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் வருவதற்கு முன்பே சான்றிதழ்களை எடுத்து ஒருமுறை பாருங்கள். சம்பளத்தைப் பற்றி முதலாளியிடம் பேச வழியே இல்லையா? மாலையில் இரண்டு மணி நேரம், பத்திரத்துக்கு இவ்வளவு என்று? சேரும்போது வேலை விவரத்தை மறைக்காமல் எழுதிக் கொடுத்து, முதலாளியிடம் தடையில்லாச் சான்றும் வாங்கி வைத்துவிடுங்கள். நான் மூன்று ஆண்டும் இரவில் இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதினேன். தூக்கம் போயிற்று, வீட்டு வாடகை நின்றதில்லை.

---

கொரட்டூர் தட்டச்சர்:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஆடிக்கு முன்னால் பதிவு முடித்துவிட வேண்டும் என்று கூட்டம். ஆடி பிறந்தால் கடையில் ஈ ஓட்டலாம்.

முதலாளியிடம் பேசிவிட்டேன். தரகர் வேண்டாம் என்றதும் முகம் சுருங்கியது, நல்லது செய்யப் போனவருக்கு வரும் வருத்தம். பிறகு, “அப்படியானால் வரைவை யார் சரிபார்ப்பார்?” என்றார். 22 ஆண்டில் முதல்முறையாக, “யார் தட்டச்சு செய்வார்” என்று கேட்கவில்லை. மாலை ஐந்தரைக்கு மேல் வந்து மறுநாள் பதிவுக்குப் போகும் வரைவுகளைப் படித்துக் கொடுப்பது, பத்திரத்துக்கு 300 ரூபாய் என்று முடிவாயிற்று. முகூர்த்த நாளுக்கு முந்தைய மாலைகளில் ஏழெட்டு வரும். மற்ற நாட்களில் ஒன்றிரண்டு. பழைய சம்பளத்துக்கு ஈடாகாது. கணவர் ஞாயிறு மிகைநேரம் பார்க்கிறேன் என்கிறார். மகள், “நீ ஒரு வகுப்பை வெட்டினாலும் எனக்குத் தெரிந்துவிடும்” என்று மிரட்டியிருக்கிறாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன், சொல்லவில்லை.

கறுப்பங்கி ஐயா சொன்னபடி நேற்று இரவு சான்றிதழ்களை எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் என் பெயர் அப்பாவின் தலைப்பெழுத்தோடு. பி.காம். பட்டத்தில் கணவரின் தலைப்பெழுத்து, போதாததற்குப் பெயரில் ஓர் எழுத்து கூடுதல். ஆதாரில் மூன்றாவதாக ஒரு வகை. ஊரில் எத்தனை பேருக்கு “மேற்கண்ட பெயர்கள் யாவும் என் ஒருவரையே குறிக்கும் என உறுதியளிக்கிறேன்” என்று பிரமாணப் பத்திரம் அடித்துக் கொடுத்திருப்பேன்! “இதைக்கூடவா பார்க்காமல் இருந்தீர்கள்?” என்று அவர்களை அதட்டியும் இருக்கிறேன்.

இன்று மதியம் சாப்பாட்டு இடைவேளையில் எனக்கு ஒன்று அடித்துக்கொண்டேன். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, “கதவு எண் விட்டுப்போயிருக்கிறது பார்” என்றார்.