பவர் போட்டதும் கீபோர்டு வேலை செய்யவில்லையா? நம்லாக் விளக்கைப் பாருங்கள்

“கீபோர்டு இல்லை, தொடர எஃப்1 அழுத்தவும்” என்று திரையில் வந்ததும் (எதை வைத்து அழுத்துவதாம்!) புதுசு வாங்க ஓடாதீர்கள். நம்லாக் விளக்கு எரியவே இல்லையென்றால் போர்ட், வயர், கீபோர்டு மூன்றில் ஒன்று. ஹப்பையும் கேபினெட்டின் முன்பக்க போர்ட்டையும் விட்டுவிட்டு, பின்பக்கம் மதர்போர்டிலேயே உள்ள யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகுங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் சொந்த மென்பொருள்) ஓடி, விண்டோஸில் நின்றால் டிரைவர் (சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்). விண்டோஸில் ஓடி, பயாஸுக்குள் போக அழுத்தும் டெலீட், எஃப்2 மட்டும் எடுபடவில்லையென்றால் பயாஸ் செட்டிங்.

—

கடைசியாகச் சொன்னதுதான் இப்போது அதிகம். ஃபாஸ்ட் பூட் ஆன் ஆகியிருந்தால், நேரம் மிச்சம் பிடிக்க பயாஸ் யூஎஸ்பி சாதனங்களைத் தேடாமலே தாண்டிவிடும். பயாஸுக்குள் போக மவுஸ் போதும்: விண்டோஸ் செட்டிங்ஸ், ரெக்கவரி, அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப், ரீஸ்டார்ட் நவ், ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ். அங்கே ஃபாஸ்ட் பூட்டை அணைத்து, யூஎஸ்பி லெகசி சப்போர்ட் இருந்தால் எனேபிள் செய்து சேவ் பண்ணுங்கள். புளூடூத் கீபோர்டு என்றால் இதெல்லாம் வீண். பெரும்பாலான பயாஸுக்கு புளூடூத் தெரியாது. டாங்கிளோடு (யூஎஸ்பியில் செருகும் குட்டி ரிசீவர்) வரும் வயர்லெஸ் பொதுவாக ஓடும்.

—

ஷட்டவுன் செய்து போட்டால் வராது, ரீஸ்டார்ட் செய்தால் வரும் என்கிறவர்கள் பயாஸைத் தொட வேண்டாம். அது விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், பெயர்தான் ஒன்றுபோல. ஷட்டவுனில் கர்னலையும் (விண்டோஸின் மையப்பகுதி) டிரைவர் நிலையையும் டிஸ்கில் எழுதி, மறுபடி அதையே எடுத்துப் போடும். ரீஸ்டார்ட்டில் எல்லாம் புதிதாக ஏறும். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸில் பவர் பட்டன் பகுதிக்குள் போய் டிக்கை எடுத்துவிடுங்கள்.

—

விண்டோஸ் 7 போடுகிறவர்களுக்கு: 2015இல் வந்த இன்டெல் 100 சீரிஸ் சிப்செட்டிலிருந்து பழைய யூஎஸ்பி 2.0 கன்ட்ரோலர் இல்லை. விண்டோஸ் 7 டிஸ்கில் யூஎஸ்பி 3.0 டிரைவரும் கிடையாது. அதனால் பயாஸில் ஒழுங்காக ஓடிய கீபோர்டு, இன்ஸ்டால் திரையில் மவுஸோடு சேர்ந்து செத்துவிடும். போர்ட் மாற்றிப் பயனில்லை. ஊதா நிற பிஎஸ்/2 போர்ட் இருந்தால் பிழைத்தீர்கள். மெஷின் ஆஃபில் இருக்கும்போதே செருகுங்கள், ஓடும்போது செருகினால் எடுக்காது. அதுவும் இல்லையென்றால் டிரைவரை இன்ஸ்டால் பென்டிரைவிலேயே சேர்த்தாக வேண்டும்.

—

செட்டிங் மாற்றியும் மறுநாள் பழையபடி ஆகிறது, கடிகாரமும் பின்னால் போகிறது என்றால் மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். புதுசு 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும்; 2.8க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றுங்கள். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டுக் கழற்றுங்கள்.