அடி இறக்கம்: நான்கு வருஷம் மறைத்து, கடைசியில் ஆபரேஷன்

எனக்கு 56 வயது, வியாசர்பாடி. மூன்று பிள்ளைகளும் சுகப்பிரசவம். 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் லாரித் தண்ணீரை இரண்டாவது மாடிக்குக் குடம் குடமாக ஏற்றிய நாட்களில்தான் கீழே ஏதோ நழுவி வந்து இடிக்கிற மாதிரி இருந்தது, குளிக்கும்போது தொட்டுப் பார்த்தால் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு உருண்டை. படுத்தால் உள்ளே போய்விடும், சாயங்காலம் மறுபடி வந்துவிடும். விரலால் தள்ளிவிட்டால்தான் மூத்திரம் முழுசாகப் போகும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? பக்கத்து கிளினிக்கில் ஒரு தடவை வாயைத் திறந்தேன், "வயசானா அப்படித்தாம்மா" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

நான்கு வருஷம் கழித்து அரசு ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் முக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பை மூன்றாம் நிலைக்கு இறங்கியிருக்கிறது, மூத்திரப்பையும் கூடவே சரிந்திருக்கிறது என்றார். முதலில், இறங்கியதை உள்ளேயே தாங்கிப் பிடிக்க ஒரு சிலிக்கான் ரிங் வைத்தார்கள். சிலருக்கு அதுவே வருஷக்கணக்கில் போதுமாம், எனக்கு முக்கினாலே கழன்று விழுந்தது. சரி, ஆபரேஷன். வயிற்றில் கத்தி படவில்லை, கீழ்வழியாகவே கர்ப்பப்பையை எடுத்து, தளர்ந்த முன்சுவரை இறுக்கித் தைத்து, மேல்முனையை உள்ளே இடுப்புத் தசைநாரோடு கட்டினார்கள். ஆபரேஷனுக்கு முன்னால், தளர்ந்த இடத்தைத் தாங்க உள்ளே வைத்துத் தைக்கிற செயற்கை வலையைப் பற்றிப் பெரியவன் போனில் எதையோ படித்துவிட்டு "வலை வைப்பீங்களா?" என்று பயந்து கேட்டான். கீழ்வழியாக வைக்கிற அந்த வலையை அமெரிக்காவில் 2019லேயே விற்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள், உங்கம்மாவுக்கு அவங்க சொந்தச் சதையை வைத்தேதான் தைக்கப் போகிறோம் என்றார் டாக்டர். திரும்ப இறங்க வாய்ப்பு உண்டு என்பதையும் மறைக்கவில்லை, அது எனக்குப் பிடித்தது.

முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போச்சு. வலி நான் பயந்த அளவுக்கு இல்லை. மறுநாள் உள்ளே அடைத்திருந்த துணியை நர்ஸ் உருவும்போதுதான், வந்துகொண்டே இருக்கிறது, முடியவே இல்லை, எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நிஜக் கஷ்டம் வீட்டில்தான். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது, குந்தக் கூடாது, முக்கக் கூடாது. எங்கள் வாடகை வீட்டில் இந்தியன் டாய்லெட், அதனால் பிளாஸ்டிக் கமோடு நாற்காலி வாங்கினோம், முக்காமல் மலம் போக ராத்திரி இசப்கோல் உமி. நான்காவது வாரம் லாரி ஹாரன் கேட்டதும் கை தானாகக் குடத்துக்குப் போனது. வீட்டுக்காரர் பிடுங்கிக்கொண்டு இறங்கினார், முப்பது வருஷத்தில் முதல் தடவை. மேலே வந்து சேர்ந்தது அரைக்குடம்தான், மீதி படியெல்லாம்.