முதியவருக்கு விட்டுவிட்டு வரும் குடல் அடைப்பு: பித்தக்கல் காரணமா?

கேள்வி:
பல வருடமாகப் பித்தக்கல் உள்ள 80 வயதுக்காரர். நான்கு நாளாக வாந்தி, வயிற்று உப்புசம். நடுவில் ஒரு நாள் தானாகவே அடங்கி மறுபடி ஆரம்பித்தது. பழைய ஆபரேஷன் தழும்போ ஹெர்னியாவோ இல்லை. எக்ஸ்ரேயில் கல் தெரியவில்லை. பித்தக்கல் குடலுக்குள் இறங்கி அடைத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாமா? ஆபரேஷனில் பித்தப்பையையும் சேர்த்தே எடுப்பதா?

பதில் 1:
நடுவில் அடங்கியதுதான் துப்பு. பெரிய கல் பித்தப்பைச் சுவரை நாளடைவில் அரித்து, ஒட்டிக்கொண்டிருக்கும் டியோடினத்துக்குள் (சிறுகுடலின் முதல் பகுதி) துளைத்து இறங்குகிறது. சிக்கும், நழுவும், கீழே போய் மறுபடி சிக்கும். கடைசியில் பெரும்பாலும் நிற்பது இலியத்தின் (சிறுகுடலின் கடைசிப் பகுதி) முடிவில். குடல் குறுகுவது அங்கேதான். அடைக்கும் கல் வழக்கமாக 2.5 செ.மீ.க்கு மேல்.

எக்ஸ்ரேயை நம்ப வேண்டாம், பெரும்பாலான பித்தக்கற்களில் சுண்ணாம்புச் சத்து குறைவு. சி.டி. எடுங்கள். பித்தநாளத்தில் காற்று, விரிந்த சிறுகுடல், இடம்மாறிய கல்: ரிக்லர் என்ற மருத்துவர் 1941-இல் சொன்ன மூன்று அடையாளங்களும் இதில்தான் நன்றாகத் தெரியும். காற்று கல்லீரலின் நடுவில் கிளைத்திருந்தால் பித்தநாளம். ஓரம்வரை போனால் போர்ட்டல் சிரை (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளம்), அது வேறு ஆபத்து. முன்பு ஈ.ஆர்.சி.பி. (எண்டோஸ்கோப் வழியாகப் பித்தநாளத்தில் செய்யும் சிகிச்சை) செய்தவருக்கும் பித்தநாளத்தில் காற்று இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 2:
ஒன்று சேர்க்கிறேன். சி.டி.யில் கல்லின் விளிம்பு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால், அந்த விளிம்புக்கு வெளியேயும் கல் இருக்கலாம். அளவைக் குறைத்து எடைபோடாதீர்கள்.

ஆபரேஷனுக்கு முன் மூக்குவழிக் குழாய், உப்புநீர் டிரிப். சிறுநீர் போக ஆரம்பித்த பிறகு பொட்டாசியம். கல் அழுத்திய இடத்தின் சுவர் நைந்திருக்கும், அதன்மேல் வெட்டக் கூடாது. கல்லை மெல்ல மேல்பக்கம் தள்ளி, நல்ல குடலில், மெசென்ட்ரிக்கு (குடலைப் பிடித்திருக்கும் சவ்வு) எதிர்விளிம்பில் நீளவாக்கில் திறந்து எடுத்து, குறுக்குவாக்கில் தையுங்கள். நீளவாக்கிலேயே தைத்தால் குடல் குறுகிவிடும். பிறகு குடல் முழுவதையும் கையால் தடவிப் பாருங்கள். எடுத்த கல்லில் பட்டை தீட்டியதுபோல் தட்டை முகம் இருந்தால் இன்னொரு கல் எங்கோ இருக்கிறது.

பித்தப்பை? தளர்ந்த நோயாளியில் தொடாதீர்கள். பித்தப்பைக்கும் டியோடினத்துக்கும் நடுவில் கல் போட்ட துளையைப் பிரிப்பது ஆபரேஷனை நீட்டும், டியோடினத்தில் கசிவும் வரலாம். பித்தப்பை அழுகியிருந்தால் பேச்சே வேறு.

பதில் 3:
உப்புசம் இல்லாமல் வாந்தி மட்டும் என்றால் கல் டியோடினத்திலேயே நிற்கலாம், பூவெரே சிண்ட்ரோம். முதலில் எண்டோஸ்கோபியில் கல்லை உடைத்து எடுக்கப் பாருங்கள். ஆனால் உடைத்த துண்டு கீழே போய் இலியத்தை அடைக்கும். பெரிய துண்டுகளை வெளியே எடுக்காமல் முடிக்காதீர்கள்.